சிவப்பு நூல் தைத்த அங்கி

ஊர்மதிலின் தெற்கு வாசல் பக்கம் வந்து ஹுவோ அக்கா வீடு எது என்று கேட்டால், நல்ல குடும்பத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் நன்றாகவே வழி சொல்வார்கள். அந்த ஹுவோ அக்கா நான்தான். சோளச் சாராயமும் பாட்டும் பெண்களும் உள்ள வீடு. குடித்துவிட்டு ஆடுகிற படகுக்காரர்களையும் சிப்பாய்களையும் இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவளுக்குப் பேய் பிசாசு என்றால் என்ன பெரிய பயம் வந்துவிடப் போகிறது? யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தது ஒரு பருத்தி அங்கி.

சியன்லுங் பேரரசர் ஆட்சியில் மழை பொய்த்த வருஷம் அது. பெருங்கால்வாயில் தண்ணீர் வற்றி, தெற்கே இருந்து அரிசி ஏற்றி வந்த படகுகள் சேற்றில் சிக்கிக் கிடந்தன. வெளியே கிராமங்களில் ஜனங்கள் மர இலையைத் தின்கிறார்கள் என்று பேச்சு. வரி வசூல் மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் விரதக்காரர்கள் பெருகினார்கள். கறி தொட மாட்டார்கள், பூண்டு வெங்காயம் தொட மாட்டார்கள், கூட்டமாக உட்கார்ந்து மூச்சை அடக்குவார்கள், வெட்டவெளியில் குஸ்தி பழகுவார்கள். பிறவாத் தாய் என்று ஒருத்தி மேலே இருக்கிறாளாம். தொலைந்துபோன தன் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு வாங்கடா என்று அழுது கூப்பிடுகிறாளாம். இந்த யுகம் முடியப் போகிறது, அவள் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்று அவர்கள் குரு சொல்லியிருந்தார்.

என் வீட்டில் தான்யுன் என்று ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள், பாடினால் மட்டும் குடிகாரனும் கோப்பையைக் கீழே வைப்பான். வெள்ளத்தில் நிலம் போன வருஷம் அவளை முதுகில் சுமந்து கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவிட்டு, என்னிடம் காசு வாங்கிக்கொண்டு போனவன் அவள் அண்ணன் கென்ஷெங்தான். அப்பாவுக்குக் கஞ்சி வேண்டுமே, அதற்காக. போகும்போது, "வந்து கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி" என்றான். எல்லா அண்ணன்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருத்தனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இவன் வந்தான். எட்டாம் மாதத்தில் ஒரு காலை, நாங்கள் எல்லாரும் தூங்கப்போகிற நேரத்தில், அடுப்படிக் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம். தான்யுன் பன்றிக்கறி வைத்த கொழுக்கட்டையை எடுத்து வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டான்.

"கறி விட்டுட்டேன்."

"உன்னைப் பார்த்தா சோத்தையே விட்டவன் மாதிரி இருக்கு" என்றேன் நான்.

சிரித்தான். முள்ளங்கி ஊறுகாயும் தினைக்கஞ்சியும் கொடுத்தோம், அதைக் குடித்தான். பிறகு மூட்டையிலிருந்து ஒரு மஞ்சள் அங்கியை எடுத்துக் காட்டினான்.

"குரு மந்திரிச்சுக் கொடுத்தது. இதைப் போட்டுட்டு நின்னா குண்டு தொடாது. துப்பாக்கி வாயிலேயே அவிஞ்சுடும்."

"குண்டு தொடாத அங்கி, அக்குள்ல கிழிஞ்சிருக்கே" என்றாள் தான்யுன்.

அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எங்கே தேடினாலும் சிவப்பு நூல்தான் இருக்கும். மஞ்சள் துணியில் சிவப்புத் தையல் பளிச்சென்று தெரிந்தது. நன்றாகவே இல்லை, ஆனால் அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அண்ணா, அவங்களை விட்டுட்டு வா. படகு நகர ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் தெற்கே ஓடிப் போயிடலாம்" என்றாள் அவள்.

"ஓடிப் போறதா? எதுக்குடி? அடுத்த மாசம் நாங்க ஊர் வாசலைத் திறந்துட்டு உள்ளே வருவோம். அப்புறம் இந்த மாதிரி வீடே இருக்காது. நீ தலை நிமிர்ந்து வெளியே வரலாம். தாய்கிட்டே சேர்ந்து போயிடலாம்."

"எனக்குத் தாயும் வேணாம், யுகமும் வேணாம். நீ உசிரோட இருந்தா போதும்."

அவன் அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டான். இந்த மாதிரி வீடு என்று என் அடுப்படியிலேயே நின்று சொன்னதற்கு அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தான்யுன் முகத்தைப் பார்த்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன்.

சொன்னபடியே ஒன்பதாம் மாதம் வந்தார்கள். பக்கத்து ஊர்களில் அதிகாரிகளை வெட்டிப்போட்டுவிட்டு, எங்கள் மதிலைச் சுற்றிக்கொண்டார்கள். உள்ளே இருந்த சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் பாதிப்பேர் சம்பளக் கணக்கில் மட்டும் இருந்தவர்கள். வெளியே கூட்டம் மந்திரம் சொல்லிக்கொண்டு, வாளைச் சுழற்றிக்கொண்டு, குதித்துக் குதித்து வரும். மேலே இருந்து சுடுவார்கள், ஒன்றும் ஆகாது. பீரங்கி புஸ்ஸென்று புகை விடும், அல்லது குண்டு அவர்கள் தலைக்கு மேலே பறந்து கால்வாயில் விழும். அவ்வளவுதான், ஊர் நடுங்கிவிட்டது. குண்டு படாத மனுஷன் இருக்கிறான் என்று நம்பிவிட்டால் அப்புறம் எவன் நேராகக் குறி பார்ப்பான்?

பீரங்கிக்காரன் கோங் எங்கள் வீட்டில் குடிக்க வருபவன். மூக்கு சிவந்தவன், வாய் ஓயாதவன். அந்த வாரத்தில் அவனும் பேசவில்லை.

பிறகு எவனோ தளபதியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்: இது விரதம் இருந்து சேர்த்த சக்தி, பெண் தீட்டுப் பட்டால்தான் உடையும். அதிலும் எங்களைப் போன்ற பெண்களின் தீட்டு என்றால் எந்த மந்திரமும் தாங்காதாம். கருப்பு நாயின் ரத்தத்தை மதில் மேல் தெளித்தார்கள். அது போதவில்லை. காலையில் சிப்பாய்கள் வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள்.

"எல்லாரும் மதிலுக்கு வாங்க. தலையை விரிச்சுக்கிட்டு, செருப்பில்லாம."

"ஏன்டா, நேத்து வரைக்கும் எங்க தெருவில நடந்தாலே தீட்டுன்னீங்க. இன்னைக்கு ஊரைக் காப்பாத்த அதே தீட்டு வேணுமா?" என்று கத்தினேன். ஒருத்தன் ஈட்டிக் கட்டையால் முதுகில் ஒன்று வைத்தான். போனோம்.

மதில் மேல் காற்று வெட்டியது. வரிசையாக நிறுத்தி, மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நாற்பதைத் தாண்டியவள் என்று என்னையாவது விட்டார்களா? இல்லை. நானும் நின்றேன். என்னைப் பார்த்தே கீழே பாதிப்பேர் ஓடியிருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன், அவள் அழுகையோடு சிரித்தாள். தான்யுன் சிரிக்கவில்லை. சட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பாய் பின்னால் வந்து அதைப் பிடுங்கி எறிந்தான்.

கீழே கூட்டம் வந்தது. முன் வரிசையில் மஞ்சள் அங்கி ஒன்று, கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் சிவப்புத் தையல். நானே பார்த்தேன். அவன் வாளைச் சுழற்றி ஆடிக்கொண்டே வந்து, தலையைத் தூக்கி, எங்கள் வரிசையைப் பார்த்தான். ஆட்டம் நின்றது.

அவன் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னார்கள். இவன் வாளைக் கீழே போட்டான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அங்கியைக் கழற்றினான். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மதிலை நோக்கி நடந்து வந்தான், ஏதோ மாடியில் நிற்கிறவளுக்குத் துணியை எடுத்துக் கொடுக்கிறவன் மாதிரி.

"போத்திக்கோ! தங்கச்சி, போத்திக்கோ!"

மதில் அடியில் வந்து அசையாமல் நின்றான். எட்டாது என்று அந்தப் பைத்தியத்துக்குத் தெரியவில்லையா? தூக்கிய கையை இறக்காமல் அதையே சொல்லிக்கொண்டு நின்றான். கோங்கின் பீரங்கி வெடித்தது.

மதில் மேல் ஒரே கூச்சல். மந்திரம் உடைந்தது, தீட்டு வேலை செய்துவிட்டது என்று சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் பட்டது. தான்யுன் கத்தவில்லை, அழவில்லை. கை இரண்டையும் நீட்டியபடி நின்றாள், வாங்கிக்கொள்பவள் போல. நான்தான் என் சட்டையைத் தேடி எடுத்து அவள் மேல் போட்டேன்.

மாதம் முடிவதற்குள் தலைநகரிலிருந்து படை வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. ஊர் வாசலில் தலைகளைத் தொங்கவிட்டார்கள். செத்த கலகக்காரர்களுக்கு யாராவது அழுதாலோ படையல் வைத்தாலோ அவர்களும் கலகக்காரர்களே என்று தமுக்கடித்தார்கள். எங்களுக்கோ மரியாதை! தளபதியின் ஆள் வந்து, முதல் குண்டு பட்டவனின் அங்கி இது, மந்திரத்தை உடைத்தவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று, கதவைத் திறந்த தான்யுன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கூடத்தில் மாட்டச் சொன்னான். மாட்டினேன். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. மஞ்சள் துணியில் காய்ந்த ரத்தம், நடுவில் அந்தச் சிவப்பு நூல்.

நாங்கள் பகலில் தூங்குகிறவர்கள். அதை மாட்டிய முதல் நாள் நண்பகலில் தான்யுனைச் சாப்பிட எழுப்பப் போனேன். போர்வை காலடியில் கிடந்தது. அவள் மேல் கழுத்துவரைக்கும் அந்த அங்கி போர்த்தியிருந்தது. ஓரங்கள் தோளுக்கு அடியில் ஒழுங்காகச் செருகியிருந்தன, குழந்தைக்குச் செருகுகிற மாதிரி.

"ஏன்டி இதைக் கூடத்திலிருந்து எடுத்துட்டு வந்தே? பார்த்தாங்கன்னா என்ன ஆகும்?"

"நான் எடுக்கலேக்கா."

தூக்கத்தில் நடக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடிந்ததும் அங்கியை மடித்து என் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் அறை வாசலிலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் உள்ளே போகவில்லை. கண்ணை மூடவில்லை நான், சத்தியமாக மூடவில்லை. உள்ளே குளிர்ந்த மண் வாசனை வந்தது, மதிலடியில் வருமே அந்த வாசனை. எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை மஞ்சள். ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. வாயில் இருந்த விதையைத் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தான்யுன் நாளுக்கு நாள் வெளுத்துப்போனாள். தொட்டால் கை சில்லிட்டது. கஞ்சி இறங்கவில்லை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, உடம்பில் சூடே இல்லையே என்று தலையை ஆட்டினார். இப்படியே போனால் குளிர்காலம் தாண்ட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"அவன் இன்னும் மதிலடியிலேயே நிக்கிறான்க்கா. அந்தப் பிறவாத் தாயே கூப்பிட்டாலும் போக மாட்டான். நான் இன்னும் மேலேயே, அப்படியே நிக்கிறேன்னு நினைச்சுட்டு இருக்கான்."

"செத்தவனுக்கு என்னடி நினைப்பு?"

"குளிர்ல வெறும் உடம்போட நிக்கிறான். இருக்கிற ஒரே துணியையும் எனக்குத்தான் போத்துறான்."

பத்தாம் மாதம் முதல் நாள் வந்தது. செத்தவர்களுக்குக் குளிராடை எரிக்கிற நாள். ஊரே காகிதச் சட்டை, காகிதப் பஞ்சுக் கால்சராய் என்று வாங்கிக்கொண்டு போனது. நானும் வாங்கினேன். கேட்டவர்களிடம் செத்துப்போன என் புருஷனுக்கு என்று சொன்னேன். அந்த நாசமாய்ப்போனவனுக்கு நான் ஒருநாளும் ஒரு கைக்குட்டைகூட எரித்ததில்லை. விடிந்ததும் கொல்லையில், வேறு ஆவிகள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலால் வட்டம் போட்டு, நடுவில் வைத்துக் கொளுத்தினோம். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, சுவருக்கும் காது உண்டு. தான்யுன் உதடு மட்டும் அசைந்தது. காகிதம் நன்றாக எரிந்தது. அப்பாடா, முடிந்தது என்று போய்ப் படுத்தோம்.

நண்பகலில் அவளே என்னை எழுப்பினாள். அங்கி அவள் தோளில் இருந்தது. அங்கியின் மேல், தலைமுடி மேல், மடி முழுக்க, காகிதச் சாம்பல்.

"அவன் வாங்கிக்கலேக்கா. அதையும் எனக்கே போத்திட்டான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த கோபத்தில் கூரையைப் பார்த்துத் திட்டினேன். "ஏன்டா, உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சைக் கேக்கலே, செத்தும் கேக்க மாட்டியா? அவ நல்லா மூடிக்கிட்டுத்தான்டா இருக்கா! நீ முதல்ல போட்டுக்கோ!"

"இங்கேயிருந்து சொன்னா அவனுக்குக் கேக்காது" என்றாள் தான்யுன்.

எழுந்து முகம் கழுவினாள். கூந்தலை ஒரு முடிகூடத் தொங்காமல் வாரி இறுக்கி முடிந்தாள். பிறகு அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு கழுத்துவரை முடிச்சுப் போட்டாள். கலகக்காரன் அங்கியைப் போட்டுக்கொண்டு மதில் மேல் ஏறுவது தலையைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். கையைப் பிடித்தேன், காலைப் பிடிக்காத குறை. கேட்கவில்லை. என் பெரிய கருப்பு மேலங்கியை அவள் மேல் போட்டு மறைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். தனியாக விடவா முடியும்?

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மதில் மேல் பீரங்கிக்குப் பக்கத்தில் கோங்கும் இரண்டு சிப்பாய்களும் கரியடுப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். தான்யுன் அன்று நின்ற அதே இடத்துக்குப் போய் என் மேலங்கியைக் கழற்றினாள். மஞ்சள் அங்கியைப் பார்த்ததும் ஒருத்தன் வாளில் கை வைத்தான்.

"ஏய், பைத்தியமா நீ?" என்று கோங் எழுந்து வந்தான். "யாராவது பார்த்தா உன் தலையும் வாசல்ல தொங்கும், அதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்த என் தலையும் தொங்கும்."

"அவன் என் அண்ணன்" என்றாள் அவள்.

கோங் அவளையும் அந்த அங்கியையும் மாறி மாறிப் பார்த்தான். இதுவரை அது எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது, அன்று அவன் தங்கச்சி என்று கத்தியதை எங்கள் வரிசைக்கே பொதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தார்கள். இதோ கூப்பிடப் போகிறான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எல்லாரும் தீட்டு தீட்டுன்னு குதிக்கிறானுங்க. எனக்குத் தெரியும்மா என்ன நடந்துச்சுன்னு. அத்தனை நாள் ஆடிக்கிட்டே வந்தவங்க, ஒருத்தன்கூட நின்னதில்லே. அவன்தான் நின்னான். துணியைத் தூக்கிப் பிடிச்சுட்டு அசையாம நின்னான். அசையாம நிக்கிறவனைக் குருடன்கூடச் சுடுவான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கண்ணை மூடினா அதே கைதான் வருது."

பிறகு சிப்பாய்களிடம் திரும்பி, "டேய், ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்கடா. திரும்புங்கன்னு சொல்றேன்ல!" என்றான். அவர்கள் திரும்பினார்கள். அவனும் திரும்பிக்கொண்டான். மூன்று ஆண்களின் முதுகு. அன்று மதில் மேல் இந்த ஒரு காரியத்தைச் செய்ய ஒரு ஆணுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

தான்யுன் மதில் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். கீழே காய்ந்த புல்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அண்ணா, இதோ பாரு. போத்திக்கிட்டேன். முடி வாரிட்டேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கலே. கழுத்துவரைக்கும் மூடியாச்சு, நல்லா பார்த்துக்கோ. கையைக் கீழே போடு. வலிக்கும்."

காற்று அடங்கியது. அந்த மண் வாசனை மேலே ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. கோங்கின் தோள் நடுங்கியதைப் பார்த்தேன், அவனுக்கும் பட்டிருக்கும்.

அவள் அங்கியைக் கழற்ற முடிச்சில் கை வைத்தாள். உள்ளே அவளுடைய பஞ்சுச் சட்டை பொத்தான் போட்டபடி இருந்தது. நான் உடனே என் மேலங்கியை அவளைச் சுற்றிப் போட்டேன். அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தீ வேணுமா?" என்றான் கோங், திரும்பாமலே. "எடுத்துக்கோ. பீரங்கி பத்தவைக்கிற தீ. அன்னைக்கும் இதுதான்."

கரியடுப்பின் மேல் அங்கியை விரித்தாள். ரத்தம் காய்ந்த இடம் கருகி எரிந்தது, சிவப்பு நூல் கடைசியில் எரிந்தது. "இப்போ போட்டுக்கோ. போட்டுட்டு வீட்டுக்குப் போ. உன் தாய் காத்துட்டு இருப்பா" என்றாள். புகை மதிலைத் தாண்டி வயல் பக்கம் போனது. நாங்கள் படியிறங்கி வந்தோம். கோங் அதை யாரிடமும் சொல்லவில்லை, சாகும்வரைக்கும்.

மறுநாள் நண்பகலில் தான்யுனின் அறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். படுக்கையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் விழுந்ததைப் பார்த்தபோது அழாதவள், தலைகளைத் தொங்கவிட்டபோது அழாதவள். போர்வை காலடியில் கிடந்தது.

"என்னடி? என்ன ஆச்சு?"

"குளுருதுக்கா" என்றாள். "இன்னைக்கு யாரும் போத்தலே."